பதினோரு மணிப் பாடம்

1

பெரியவர்களுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் "டிரெயினிங் டிபார்ட்மென்ட்" என்று கொஞ்சம் நிமிர்ந்து சொல்லிக்கொள்வேன். நான் இருப்பது நியூசிலாந்தில், டௌரங்கா என்ற கடற்கரை ஊரில். கிவிப் பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் பெரிய கொட்டகை ஒன்றில் வேலை. அறுவடைக் காலத்தில் பக்கத்துத் தீவு நாடுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் நூற்றுக்கணக்கான பேர் வந்து இறங்குவார்கள். பழத்தைத் தொடும் முன் கையை எப்படிக் கழுவ வேண்டும், பழத்தை நகர்த்தும் பெல்ட் ஓடும்போது விரலை எங்கே வைக்கக் கூடாது என்று அவர்களுக்கு இருபது நிமிடத்தில் புரியவைக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தை வடிவமைப்பவள் நான்.

சம்பளம் வருகிறது. மரியாதையும் குறைவில்லை. ஆனாலும் இந்த ஒரு வருடமாகக் குழாயடியில் ஒட்டியிருக்கும் கை கழுவும் முறையைக் காட்டும் என் படத்தாளைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுகிறேன்.

அடுத்த வாரம் என் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். கருங்குழியில் இருக்கும் தம்பி டேனி பேனர் அடிக்க நல்ல போட்டோ ஒன்று கேட்டான். என் மகள் ரூத்துக்குப் பதினாறு வயது. என் போனில் தேடி எடுத்துக் கொடு என்று அவளிடம் சொன்னேன். தேடிக்கொண்டே இருந்தவள் ஒரு கேள்வி கேட்டாள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன் மற்றதைச் சொல்லிவிட வேண்டும்.

2

ஊரில் நான் பி.எட். முடித்து, செங்கல்பட்டில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறு வருடம் அறிவியல் டீச்சராக இருந்தவள். கணவருக்கு இங்கே டிரக் ஓட்டும் வேலை கிடைத்தபோது, டீச்சருக்கு எந்த நாட்டில்தான் வேலை இருக்காது என்று நம்பி விமானம் ஏறினேன். இங்குள்ள அலுவலகத்தில் என் பட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ் வேண்டும், கல்லூரி முத்திரையோடு, ஒட்டிய உறையில், கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும் என்றார்கள். டேனி எனக்காக வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு நாலு முறை கல்லூரிக்கு நடந்தான். நாலு முறையும் கிளார்க் மேடம் லீவு. ஐந்தாம் முறை உறை கிடைத்தது. எட்டு மாதம் கழித்து, மேற்கொண்டு படித்தால் பரிசீலிப்போம் என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் பழம் அடுக்கப் போனேன்.

அங்கே முதல் இரண்டு வாரம் எனக்கு டீ இடைவேளையே கிடையாது. பத்து மணிக்கு ஒருவர் வந்து "ஸ்மோக்கோ" என்று குரல் கொடுப்பார். சிகரெட் பிடிக்கிறவர்களைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, எனக்கு அந்தப் பழக்கமில்லை என்று தலையாட்டிவிட்டு நின்ற இடத்திலேயே அடுக்கிக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கே அதுதான் பெயர் என்று பக்கத்தில் நின்ற டோங்கா நாட்டுப் பெண்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பயிற்சிப் பிரிவின் தலைவி மார்கரெட். புதிதாக வந்த ஒருத்திக்கு நான் சைகையாலேயே முடியை மூடும் தலைவலையைக் கட்டச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, வேலை நேரம் போக ஒரு வருடம் படிக்க அனுப்பினாள். பெரியவர்களுக்கான பயிற்சியை வடிவமைக்கும் படிப்பு. பி.எட். படித்தவள்தானே, இதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று மிதப்பாகத்தான் போனேன். முதல் வாரமே மண்டையில் தட்டி உட்காரவைத்தார்கள்.

"புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது. நானோ பள்ளியில் ஒரு நாளைக்கு நூறு தடவை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், பிள்ளைகளும் "புரிஞ்சுது மிஸ்" என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பவர் கேட்டால் கீழே இருப்பவர் புரிந்தது என்றுதான் சொல்வார். அதனால் கேட்காதே, செய்து காட்டச் சொல். தப்பு நடந்தால் ஆளைப் பார்க்காதே, பாடத்தைப் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வரி எழுதும் முன் அந்த வேலை நடக்கும் இடத்தில் போய் நில். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கையில் என்ன இருக்கிறது, யார் கூப்பிடுகிறார்கள் என்று பார். மார்கரெட் என்னை ஒரு முழு ஷிப்ட் பெல்ட் பக்கத்தில் நிற்கவைத்த பிறகுதான் பேனாவைத் தொடவிட்டாள்.

இதையெல்லாம் நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். சான்றிதழ் இருக்கிறது.

3

அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சிறு வயதில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். பிறகு இருபது வருடம் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டுக்கு வாட்ச்மேன். சர்க்கரை வியாதியை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கடைசியில் அது சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரம் மூன்று நாள் செங்கல்பட்டு போய் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் படுத்தார். அதற்கும் உடம்பு தாங்காமல் போனபோது, வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து வீட்டிலேயே செய்கிற முறைக்கு மாற்றினார்கள். குழாயில் ஒரு பையை மாட்டி உள்ளே இருக்கும் நீரை வடித்துவிட்டுப் புது நீரை ஏற்ற வேண்டும். தினம் நாலு முறை. மாட்டும் அந்த ஒரு நிமிடத்தில் கையில் அழுக்கு இருந்தால் கிருமி நேராக வயிற்றுக்குள் போய்விடும்.

டேனி பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவன். விடியும் முன் திருப்போரூர் பக்கம் கிளம்பினால் இருட்டித்தான் வருவான். ஆகவே பை மாற்ற வேண்டியவள் அம்மா. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அம்மாவுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். அம்மா போனில் சொன்னாள்.

"அந்த நர்சம்மா இன்னா கத்து கத்துது தெரியுமா கிரேசு. கைய தட்டி வுடுது. பொம்மைக்கு டியூப் மாட்டி மாட்டி எத்தினி தபா செய்ய வச்சுது, கை ஓஞ்சு போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. வயசான ஒரு பொம்பளையிடம் கத்துவதும் கையைத் தட்டுவதுமா பயிற்சி என்று கேட்டேன்.

"ரூம்ல நீயும் அவரும்தான் இருக்கணும், ஃபேன நிறுத்து, கதவ சாத்து, போன வெளிய வச்சுட்டு வா. இத்தயே சொல்லிகினு கீது."

"போன் விஷயம் மத்தவங்களுக்கு மா. நான் பாக்கணும்ல. எனக்கு இதுதான் வேலையே."

"சரிம்மா. நீ சொன்னா சரி."

பத்தாவதில் நான் பள்ளியிலேயே முதலாவதாக வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஆஸ்பத்திரி ஒன்று சொல்லி நான் வேறொன்று சொன்னால் நான் சொன்னதுதான் நடக்கும். ஒரு வருடம் படித்ததில் எதை மறந்தாலும் இந்தச் "சரி"யைக் கண்டு நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது.

பன்னிரண்டு படங்களில் ஒரு தாள் தயாரித்தேன். ரூத் வரைந்தாள். முதலில் அவள் வளையல் போட்ட கையாக வரைந்திருந்தாள். உன் பாட்டி வளையல் போடுவதில்லை, அதுகூடவா தெரியாது என்று கேட்டேன். தெரியாது என்று தோளைக் குலுக்கிவிட்டுத் திருத்திக் கொடுத்தாள். டேனி அதை மதுராந்தகத்தில் லேமினேட் செய்து நைனா கட்டிலுக்கு மேலே மாட்டினான்.

நான் போயிருக்க வேண்டும். ஒரு வாரம் அந்த அறையில் நின்றிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒரு முறை திரும்பியது, கையெழுத்து பழையது மாதிரி இல்லை என்று இன்னொரு முறை. அது வந்து சேர்ந்தபோது அறுவடை தொடங்கிவிட்டது, லீவு கிடையாது. போகாததற்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள் இவை.

4

அங்கே காலை பதினொன்று என்றால் இங்கே சாயங்காலம் ஐந்தரை. வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றாமல் வீடியோவில் கூப்பிடுவேன். நாலு பையில் இந்தப் பதினோரு மணிப் பையை மட்டும் நான் பார்ப்பது என்று ஏற்பாடு. மற்ற மூன்றையும் அம்மா தனியாகச் செய்வாள். வெளிநாட்டு போன் ஒரு ரிங்கிலேயே எடுக்கப்படுவது எங்கள் வீட்டு வழக்கம். அடுப்பில் எது பொங்கினாலும் சரி, கிரேசு போன் அடித்தால் எடுத்துவிட்டுத்தான் அடுப்பைப் பார்ப்பார்கள்.

அம்மா போனைப் பவுடர் டப்பாவில் சாய்த்து வைப்பாள். நான் ஒவ்வொரு படியாகப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். கொட்டகையில் செய்கிற மாதிரியே வீடியோவையும் பதிவு செய்து வைத்து, கடைசியில் மார்க்கும் சொல்வேன்.

"இன்னிக்கு தொண்ணூத்தி நாலு மா."

"பாஸா?"

"பர்ஸ்ட் கிளாஸ்."

கட்டிலிலிருந்து நைனா குரல் வரும். "ரெண்டு பேரும் மார்க்கு போட்டுக்கறீங்க. என்னாண்ட ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறீங்க. பரிச்ச பேப்பரு மாதிரி படுத்துகினு கீறேன் நான்."

ரூத் எட்டிப் பார்த்தால் அவருக்கு முகம் மலரும். "ரூத்து, நாஸ்தா துன்னியா?" இங்கே மாலை என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. அவளும் முதலில் "துன்னுட்டேன் தாத்தா" என்று அவர் பாஷையிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி அவரிடமிருந்து வந்ததுதான். இரண்டாம் மாதத்தில் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அறைக் கதவு சாத்தியிருக்கும். நான் அதைக் கவனித்தேனா என்றால், இல்லை. அம்மாவின் விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

5

மூன்றாம் மாதம் ஒரு நாள் வடிந்த நீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது. போனிலேயே பார்த்தேன். டேனி வேனைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்து நைனாவைச் செங்கல்பட்டுக்கு எடுத்துப் போனான். கை சுத்தமில்லை என்றால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் வார்டிலேயே எல்லார் எதிரிலும் அம்மாவிடம் சொன்னாராம்.

அன்று நானும் அம்மாவை விடவில்லை. அழுதுகொண்டே விசாரித்தேன்.

"எந்த ஸ்டெப்ப விட்ட மா?"

"ஒண்ணும் வுடலம்மா. நீ பாத்துகினுதான இருந்த."

"நான் பாக்காத நேரத்துல?"

திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ராத்திரி பை மாத்தறப்ப கண்ணு சொருவும். அப்ப எதனா வுட்டுட்டனோ இன்னாவோ."

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் பார்த்ததில் தப்பில்லை, பார்க்காததில்தான் தப்பு என்று ஆகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று எனக்கு லேசாக ஒரு நிம்மதிகூட வந்தது.

பதினோராம் நாள் நைனா போய்விட்டார். டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேரும் வரை வைத்திருக்க முடியாது என்றார்கள். அடக்கத்தைப் போனில் பார்த்தேன். டேனி போனை உயர்த்திப் பிடித்துக் காட்டிக்கொண்டே நின்றதால் அவனால் ஒரு பிடி மண் சரியாகப் போட முடியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்தேன். அம்மா அழவில்லை. எங்கள் சர்ச்சில் சபையார் கூடிச் சாப்பிடும் அன்பின் விருந்து என்றால் அரிசி களைவது எப்போதும் அம்மாதான். இருபது படியானாலும் வேறு யாரையும் தொடவிட மாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரம்மா வந்து கூப்பிட்டபோது அம்மா எழுந்திருக்கவில்லை.

"என் கை சரியில்லம்மா. வேற யாரனா வச்சு செஞ்சுக்கங்க."

பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதிலிருந்து இன்று வரை அம்மா அடுத்தவர்களுக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு கொடுத்ததில்லை.

6

இப்போது ரூத்தின் கேள்வி.

நைனா சிரிக்கிற முகம் அந்தப் பழைய பதிவுகளில்தான் இருக்கும் என்று அவள் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றை நிறுத்திவிட்டு, "அம்மா, இதில் கேமராவை யார் பிடித்திருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

யாரும் இல்லை, பவுடர் டப்பா என்றேன்.

"இல்லை. பார், அசைகிறது."

பார்த்தேன். அம்மா சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுகிறாள், படத்தில் உள்ளபடியே. துடைக்கிறாள். மாஸ்க் சரியாக இருக்கிறது. ஃபேன் நின்றுவிட்டது, நைனா நெற்றியில் வியர்வை. அம்மா கட்டில் ஓரம் உட்கார்கிறாள். அந்த அறையில் ஜன்னல் வெளிச்சம் விழுவது கட்டிலின் அந்தப் பக்கம் மட்டும்தான், அதனால் போனுக்கு அவள் முதுகுதான் தெரிகிறது. அங்கே என் குரல் கேட்கிறது.

"மா, ஒண்ணும் தெரியல. போன கொஞ்சம் தூக்கி காட்டு."

கழுவிய கை திரை முழுக்க வருகிறது. ஒரு நொடி இருட்டு. பிறகு குழாய் முனையும் விரல்களும் மிகவும் கிட்டத்தில் தெரிகின்றன. அதே விரல்கள்.

"ஆங், இப்ப தெரியுது. குட். மாட்டு."

வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பாதிக்கு மேல் பதிவுகளில் இதுதான் நடக்கிறது. போன் சரிகிறது, அல்லது மங்குகிறது, அல்லது நான் காட்டச் சொல்கிறேன். எல்லாவற்றின் முடிவிலும் நான் சொல்லும் மார்க் இருக்கிறது. ரூத் கொஞ்ச நேரம் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைத் தொட்டு வெகு நாளாகியிருந்தது.

இதனால்தான் கிருமி உள்ளே போனது என்று எந்த டாக்டராலும் சான்று தர முடியாது. ராத்திரிப் பையாகவும் இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். ஆனால் என் கொட்டகையில் ஒருத்தி கை கழுவிய பிறகு போனைத் தொட்டால், திரும்பக் குழாய்க்குப் போ என்று அனுப்புகிறவள் நான். அங்கே குழாயடியில் உள்ள தாளில் ஏழாவது படம் ஒரு போன், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அம்மாவுக்காகத் தயாரித்த தாளில் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். அந்தப் போனில் நான் இருந்தேன் அல்லவா.

7

மறுநாள் ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். இங்கே இப்போது குளிர்காலம், அந்த நேரத்துக்கே இருட்டிவிடுகிறது. ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருடமாகவே அம்மா லேட்டாகத்தான் எடுக்கிறாள். காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்தபோது முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் சுவரில் பன்னிரண்டு படமும் அப்படியே இருந்தன.

எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"மா, உன் மேல தப்பு இல்ல. கழுவின கையால போன தூக்க சொன்னது நான்தான். இப்பதான் பாத்தேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தெரியும்மா."

"இன்னா தெரியும்?"

"ஆஸ்பத்திரில அந்த நர்சம்மா கேட்டுது. போன் கீன் தொட்டியான்னு. தொடலன்னு சொல்லிட்டேன்."

"ஏன் மா அப்டி சொன்ன?"

"உன் பேரு வந்துடும்ல. எம்பொண்ணு வெளிநாட்ல இத்தயே சொல்லி குடுக்கறான்னு வார்டு பூரா சொல்லி வச்சிருந்தாரு உங்க நைனா."

"அப்ப ராத்திரி கண்ணு சொருவுச்சுன்னு சொன்னது?"

"நீ கேட்டுகினே இருந்த. எதனா ஒண்ணு சொல்லணும்ல."

கேட்கிறவளுக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வருடம் தூங்கியிருக்கிறேன். மன்னிப்பு கேட்டேன். அழுதேன். அடுத்த வார நினைவு நாள் சாப்பாட்டுக்கு நீதான் அரிசி களையணும், உன் கையில் ஒன்றும் இல்லை என்று கெஞ்சினேன்.

"வாணாம்மா. நீ சொன்ன, செரி. தொட்டது என் கைதான."

அதற்கு மேல் அவளிடம் எதையும் மாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை படம் வரைந்தாலும், எத்தனை முறை செய்து காட்டச் சொன்னாலும் முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் இப்போதெல்லாம் போனை இவ்வளவு லேட்டாக எடுக்கிறாய் என்று பேச்சை மாற்றினேன்.

"சோப்பு போட்டு கழுவிட்டு எடுக்க நேரமாவாதா?"

கட்டில் இருந்த இடம் அவளுக்குப் பின்னால் காலியாகத் தெரிந்தது.

"நாளைக்கும் பதினோரு மணிக்குதான கூப்புடுவ?" என்று கேட்டாள்.

"ஆமா மா."

"செரி. கைய கழுவிட்டு ரெடியா கீறேன்."